மேசையிலிருந்து கைக்கு: முரசு அஞ்சலும் தமிழ் எழுத்தின் இடப்பெயர்வும்

ஒரு மொழியின் வரலாற்றை ஆராய்வோர் அம்மொழியில் எழுந்த இலக்கியங்களையும் இலக்கணங்களையும் பெரிதும் நோக்குவர். எழுத்தைச் சுமந்து நின்ற பொருள்களும் கருவிகளும் அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. ஆயினும் தமிழ் எழுத்தின் வரலாற்றிலே கருவியின் பங்கு சிறிதன்று. ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். ஈய அச்சு வந்த பின்னரே புள்ளி எங்கும் நிலைபெற்றது. தட்டெழுத்துப் பொறி வந்தபோது அதன் விசைகளுக்குள் அடங்குமாறு எழுத்துகள் துண்டுகளாக்கப்பட்டன. 1978இல் தமிழ்நாட்டரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்திற்கும் அச்சினதும் தட்டெழுத்தினதும் வசதி ஒரு நியாயமாகக் கொள்ளப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

கடந்த நாற்பது ஆண்டுகளுள் தமிழ் எழுத்து இரண்டு தடவை இடம்பெயர்ந்துள்ளது. முதலாவது, ஈய அச்சிலிருந்தும் தட்டெழுத்துப் பொறியிலிருந்தும் மேசைக் கணினிக்குச் சென்றமை. இரண்டாவது, மேசைக் கணினியிலிருந்து கையடக்கத் தொலைபேசிக்குச் சென்றமை. இவ்விரண்டாவது இடப்பெயர்வைக் கருவி சுருங்கிய கதையாகவே பலரும் காண்பர். சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, அது எழுத்தின் உடைமை மாறிய கதை என்பது புலனாகும். மேசைக் கணினியின் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துக்குத் தனக்கெனத் தனிக் குறியீடு ஒன்றை வைத்துக்கொள்ள முடிந்தது. தொலைபேசியின் காலத்தில் அது இயலாது போயிற்று. அம்மாற்றத்தை முன்னுணர்ந்து பொதுக் குறியீட்டை ஏற்றுக்கொண்ட மலேசியத் தமிழ் நிறுவனம் ஒன்றின் வரலாற்றையும், அதற்கு ஆயத்தமாகாது நின்ற கொழும்புத் தமிழ் அச்சுத்துறையின் நிலையையும் ஒப்புநோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பும் பாமினியும்

கொழும்பின் தமிழ் அச்சுத்தொழில் நகரின் வடபகுதியில் வேரூன்றி வளர்ந்தது. 1930இல் தோன்றிய வீரகேசரி கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து நெடுங்காலம் வெளிவந்தது. அதனை அடுத்துள்ள கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெரு ஆகிய பகுதிகளில் வணிகரின் தேவைக்கும் கோயில்களின் தேவைக்குமாகச் சிற்றச்சகங்கள் இயங்கின. தெற்கே வெள்ளவத்தை, 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் இருப்பிடமாகவும் தமிழ் நடுத்தர வர்க்கத்தினரின் குடியிருப்பாகவும் வளர்ந்தது. 1983இன் வன்செயல்களுக்குப் பின்னர் இந்நகரிலிருந்து பெருந்தொகையானோர் புலம்பெயர்ந்தனர். அதனைத் தொடர்ந்த போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்தோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறினர். வெளிநாடு செல்லக் காத்திருந்தோரும், வெளிநாட்டு உறவினரின் அழைப்புக்காகக் காத்திருந்தோரும் நிறைந்த இடங்களாக இவை மாறின. தொலைபேசி அழைப்புக்கும் தொலைநகலுக்கும் மக்கள் நாடிய 'கொமினிகேசன்' கடைகள் பெருகியமைக்கு இதுவே சமூகப் பின்னணியாகும்.

1990களில் இக்கடைகளின் அருகிலேயே, சிலவேளை அவற்றின் உள்ளேயே, கணினி அச்சமைப்பு நிலையங்களும் தோன்றின. திருமண அழைப்பிதழ், அரங்கேற்ற மலர், பாடசாலைச் சஞ்சிகை, இறந்தோர் நினைவாக வெளியிடப்படும் 'கல்வெட்டு' என்பன இவற்றின் அன்றாட வேலைகளாயின. தட்டெழுத்துப் பயின்ற இளம்பெண்கள் பலருக்கு இந்நிலையங்கள் தொழில் வழங்கின. இங்கெல்லாம் ஆட்சி செலுத்திய எழுத்துரு பாமினி ஆகும். தட்டெழுத்துப் பொறியின் விசையமைப்பைத் தழுவி அமைந்தமையால், பழைய பயிற்சியுடன் வந்தோர் புதிதாக எதனையும் கற்க வேண்டியிருக்கவில்லை. இலங்கையில் மாத்திரமன்றிப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் வாழும் நாடுகளிலும் பாமினி பரவியமைக்கு இவ்வசதியே முதன்மைக் காரணமாகும்.

பாமினியின் உள்ளமைப்பை விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும். கணினி எழுத்துகளை உருவமாக வைத்திருப்பதில்லை, எண்களாகவே வைத்திருக்கும். பாமினி முறையில், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களே தமிழுக்குப் பயன்பட்டன. அவ்வெண்களுக்குரிய ஆங்கில உருவங்களுக்குப் பதிலாகத் தமிழ் உருவங்கள் வரையப்பட்டிருந்தன. 'தமிழ்' என்ற சொல்லைப் பாமினியில் எழுதினால், கணினி தன்னுள்ளே சேமிப்பது ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே. பாமினி எழுத்துரு இருக்கும்வரை கண்ணுக்குத் தமிழ் தெரியும். அவ்வெழுத்துரு நீங்கினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே எஞ்சும். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் என்றுமே இருந்ததில்லை.

இதிலுள்ள மற்றொரு சிக்கலுக்குக் 'கொழும்பு' என்ற சொல்லே நல்ல உதாரணமாகும். அதன் முதலெழுத்தாகிய 'கொ' பாமினியில் ஒற்றைக் கொம்பு, ககரம், அரவு என மூன்று துண்டுகளாக, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கிற் சேமிக்கப்படும். ககர மெய்யோடு ஒகரம் சேர்ந்தது என்னும் இலக்கண உண்மைக்கு அதில் இடமில்லை. ஆதலால் அகரவரிசைப்படி சொற்களை ஒழுங்குபடுத்துதலும், நீண்ட ஆவணம் ஒன்றிற் சொல்லைத் தேடுதலும் பெரும் இடர்ப்பாட்டுக்கு உரியனவாயின.

இத்துணைக் குறைகள் இருந்தும் பாமினி ஏன் நிலைத்தது? விடை எளிது. அக்காலத்தில் எழுத்தின் இறுதி இருப்பிடம் தாளாகவே இருந்தது. கணினிக்குள் எத்தகைய எண் இருந்தாலென்ன, தாளில் விழுவது தமிழாக இருந்தாற் போதுமானது. வாசகனின் கைக்குச் சென்றது அச்சிட்ட தாள். கணினியிலிருந்த கோப்பு அச்சகத்திலேயே தங்கிற்று. எழுதுபவனும் எழுத்துருவும் ஒரே மேசையில் இருந்த காலம் அது. மேசைக் கணினியின் பொருளாதாரமும் அதற்கேற்பவே அமைந்தது. எழுத்துருவை விற்கும் நிறுவனங்கள் தத்தமக்குத் தனிக் குறியீடுகளை வகுத்துக்கொண்டன. ஒருவரின் எழுத்துருவில் எழுதியதை மற்றொருவரின் எழுத்துருவில் வாசிக்க முடியாமை வாடிக்கையாளரைக் கட்டிவைக்கும் வழியாகவும் பயன்பட்டது.

மலேசியாவில் எழுந்த முரசு

தமிழ் எழுத்துக் கருவிகளின் வரலாற்றில் இலங்கைக்கும் மலாயாவுக்கும் இடையிலான உறவு பழையது. தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் முன்னோடியாகிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்திற் பிறந்து, இளமையில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று பணிபுரிந்தவர். அவர் வகுத்த விசையமைப்பில் ஜெர்மனியிற் செய்யப்பட்ட பொறிகள் தமிழ் வழங்கும் நாடுகளுக்கு வந்தன. பாமினியைப் பயன்படுத்திய கொழும்பு அச்சமைப்பாளரின் விரல்கள் தட்டெழுத்து மரபின் வழியிலேயே நடந்தன. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் மலாய் நாட்டிலிருந்து தொடக்கிவைத்த அம்மரபின் அடுத்த கட்டம் அந்நாட்டிலேயே நிகழ்ந்தமை வரலாற்றின் சுவையான பொருத்தமாகும்.

மலேசியத் தமிழ்க் கவிஞர் முரசு நெடுமாறனின் மகனாகிய முத்து நெடுமாறன், 1985ஆம் ஆண்டிலே 'முரசு' என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணினியை 1981இல் வெளியிட்டு நான்கே ஆண்டுகள் சென்றிருந்தன. அக்கணினிகளில் விண்டோஸ் இன்னும் பரவியிருக்கவில்லை; தமிழெழுத்தைத் திரையிற் காட்டுவதே அருஞ்செயலாக இருந்தது. அந்நிலையிற் பிறந்த முரசு, 1990களில் மின்னஞ்சல் பரவியபோது 'முரசு அஞ்சல்' என்னும் பெயருடன் வளர்ந்தது. பெயரிலேயே அதன் திசை புலப்படுகின்றது. அச்சகத்தின் தாளை மாத்திரம் நோக்காது, ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குச் செல்லும் மடலையும் அது நோக்கியது.

மடல் என்றதும் குறியீட்டுச் சிக்கல் தலைதூக்கியது. அனுப்புபவரிடமுள்ள எழுத்துரு பெறுபவரிடமும் இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோவுக்குப் பாமினியில் எழுதப்பட்ட மடல் அங்கும் பாமினி இருந்தாலன்றி வாசிக்கப்படமாட்டாது. சிங்கப்பூரின் எழுத்துருவும் சென்னையின் எழுத்துருவும் ஒன்றையொன்று அறியா. இந்நிலையை மாற்றுவதற்காக 1997 முதல் பல நாடுகளிலிருந்த தமிழார்வலர் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடித் 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டு, எஞ்சிய 128 இடங்களில் தமிழை அமைத்தமையால் இரு மொழிகளும் ஒரே எழுத்துருவில் இணைந்து வாழ முடிந்தது. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்கு இக்குறியீட்டைக் கைக்கொண்டது. 1999இல் தமிழ்நாட்டரசு வேறு குறியீடுகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் அறிவித்தது. 2000இல் சிங்கப்பூரில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய 'உத்தமம்' உருவாயிற்று.

இம்முயற்சிகளில் முத்து நெடுமாறன் பங்குகொண்டமையே ஈண்டு முக்கியமானது. சந்தையில் ஏலவே இடம்பிடித்திருந்த மென்பொருளின் உரிமையாளர் ஒருவர், பிறரும் பயன்படுத்தக்கூடிய பொதுக் குறியீட்டை வகுப்பதில் ஈடுபட்டார். முரசு அஞ்சல் முதலில் திஸ்கியையும் பின்னர் ஒருங்குறியையும் ஏற்றுக்கொண்டது. ஒருங்குறி என்பது உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணையில் இடம் வகுக்கும் முறையாகும். 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 'தமிழ்' என்ற சொல் அதில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து எண்களாகச் சேமிக்கப்படும். பாமினியிலும் ஐந்து எண்களே. ஆனால் இவ்வைந்தும் உலகில் எங்கும் தமிழுக்கு மாத்திரமே உரியவை. மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 முதல் தமிழ் ஒருங்குறிக்கு ஆதரவு வழங்கியது. 2000களின் நடுப்பகுதியளவில் அப்பிள் நிறுவனத்தின் மேசைக் கணினிகளில் 'இணைமதி' எழுத்துருவும் 'அஞ்சல்', 'தமிழ்99' விசைப்பலகைகளும் உள்ளமைந்தே வந்தன.

உலகச் சந்தையின் திருப்பம்

இவ்வேளையில் கணினி உலகின் மையம் மேசையிலிருந்து விலகத் தொடங்கியது. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகஞ் செய்த நாளிலேயே அப்பிள் நிறுவனம் தன் பெயரிலிருந்த 'கம்பியூட்டர்' என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டில் அன்ட்றொயிட் தொலைபேசி சந்தைக்கு வந்தது. 2010ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் உலகளாவிய ரீதியில் விற்பனைக்கு அனுப்பப்பட்ட திறன்பேசிகளின் தொகை தனியாள் கணினிகளின் தொகையை விஞ்சியது. மேசைக் கணினியின் பேரரசாக விளங்கிய மைக்ரோசொப்ட், காலந்தாழ்த்தி நொக்கியாவின் தொலைபேசிப் பிரிவை 2014இல் வாங்கிற்று. மறு ஆண்டே ஏறத்தாழ 760 கோடி டொலரை இழப்பாக எழுதித் தள்ளியது. மேசையிற் பெற்ற வெற்றி கைக்கு மாற்றத்தக்க சொத்தன்று என்பதனை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

இலங்கையில் இத்திருப்பம் மேலும் கூர்மையானது. 1989இல் செல்ரெல் நிறுவனம் இந்நாட்டின் முதலாவது கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 1993இல் மொபிட்டலும் 1995இல் இன்று டயலொக் எனப்படும் நிறுவனமும் பின்தொடர்ந்தன. தொடக்கத்தில் செல்வந்தரின் ஆடம்பரமாயிருந்த இக்கருவி, கட்டணங் குறையக் குறையப் பொதுமக்களின் கைக்கு வந்தது. வீட்டில் மேசைக் கணினி வாங்கியறியாத குடும்பங்கள் நேரே கையடக்கத் தொலைபேசிக்குச் சென்றன. கொமினிகேசன் கடையின் கூண்டுக்குள் நின்று பேசிய தாய், தன் கையிலிருந்தே பிள்ளையுடன் பேசலானாள். ஆதலால் இந்நாட்டுத் தமிழர் பலருக்கு மேசையிலிருந்து கைக்கு மாறுதல் என்பது பழைய கருவியைக் கைவிடும் செயலாக இருக்கவில்லை. அவர்களின் முதற் கணினியே தொலைபேசிதான். அத்தொலைபேசியில் தமிழ் இல்லையேல் அவர்களுக்குக் கணினித் தமிழே இல்லை.

செல்லினம்

ஐபோன் தோன்றுவதற்கு ஈராண்டு முன்னரே, 2005 தைப்பொங்கலன்று, முத்து நெடுமாறனின் 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கையடக்கத் தொலைபேசியில் தமிழிற் குறுஞ்செய்தி எழுதுவதற்கான செயலி அது. வல்லினம், மெல்லினம், இடையினம் என்னும் இலக்கண வகுப்புகளோடு 'செல்' என்பதை இணைத்து அமைந்த பெயர் என்பது சொல்லாமலே விளங்கும்.

அன்றைய தொலைபேசியில் எதிர்கொள்ள வேண்டியிருந்த தடைகள் மூன்று. முதலாவது, விசைப்பற்றாக்குறை. பன்னிரண்டு விசைகளே கொண்ட கருவியில் உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாகிய 247 எழுத்துகளையும் எழுதச் செய்தல் வேண்டும். இரண்டாவது, அக்கருவிகளிற் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துரு இல்லாமை. மேசைக் கணினியிற்போல் எழுத்துருவைத் தனியே நிறுவிக்கொள்ளவும் இடமில்லை. எனவே செயலியே தன் எழுத்துகளைச் சுமந்துசெல்ல வேண்டியிருந்தது. பெறுநரின் கருவியிலும் அச்செயலி வேண்டப்பட்டது.

மூன்றாவது தடை பொருளாதாரஞ் சார்ந்தது. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறியில் அமையும் செய்தியிலோ 70 எழுத்தெண்களே அடங்கும். 'வணக்கம்' என்ற சொல் ஒருங்குறியில் ஏழு எண்களைக் கொள்ளும். ஆகவே ஒரு செய்தியில் இடைவெளியின்றிப் பத்து வணக்கம் சொல்லலாம். அதே சொல்லை எட்டு ஆங்கில எழுத்துகளால் எழுதினால் இருபது வணக்கம் சொல்லலாம். செய்தி ஒவ்வொன்றுக்கும் கட்டணம் அறவிடப்பட்ட காலத்தில், தமிழில் எழுதுவோர் ஆங்கில எழுத்தில் எழுதுவோரைவிட ஏறத்தாழ இருமடங்கு செலுத்த நேர்ந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வழக்கத்தை இளைஞரின் மொழிப்பற்றின்மையாகவே கண்டிப்போர் பலர். அவ்வழக்கத்தின் அடியில் கருவியின் வரையறையும் கட்டண முறையும் இருந்தமையை அன்னோர் கருத்திற் கொள்வதில்லை. இணையவழிச் செய்திச் செயலிகள் வந்து எழுத்தெண்ணிக்கைக் கட்டணம் ஒழிந்தபின், தமிழ் எழுத்திலேயே எழுதுவோர் தொகை பெருகியமை இக்கருத்தை வலியுறுத்தும்.

இத்தடைகளை ஒரு சிறு நிறுவனம் தனித்து நின்று நெடுங்காலம் எதிர்கொள்ள இயலாது. செல்லினம் 2009இல் ஐபோனுக்கும், பின்னர் அன்ட்றொயிட் கருவிகளுக்கும் வந்தது. ஆயினும் அதன் மிகப் பெரிய வெற்றி செயலி என்ற நிலையைக் கடந்தது. 2013இல் வெளியான ஐபோனின் ஏழாம் இயங்குதளத்தில் அஞ்சல், தமிழ்99 ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளமைந்தே வந்தன. பயனர் எதனையும் தேடி நிறுவ வேண்டிய தேவை ஒழிந்தது. அக்கருவிகளில் உள்ள 'சங்கம் எம்.என்.' எழுத்துரு வரிசையின் இறுதி ஈரெழுத்தும் முத்து நெடுமாறனின் பெயரைக் குறிப்பன. அவ்வரிசையில் தமிழோடு சிங்களமும் உண்டு. இலங்கையில் மொழியின் பெயரால் நிகழ்ந்தவற்றை அறிந்தோருக்கு இச்செய்தி சிந்தனைக்குரியது. காலி வீதியில் ஐபோன் வைத்திருக்கும் சிங்கள இளைஞனும் தமிழ் இளைஞனும் தத்தம் மொழியை ஒரே கைவண்ணத்திலிருந்து வந்த எழுத்துகளிற் காண நேர்ந்துள்ளது.

நிறுவன வரலாறு என்ற நோக்கில் இங்கு நிகழ்ந்த மாற்றம் தெளிவானது. மேசைக் காலத்தில் மென்பொருள் ஒரு பண்டம். பயனர் அதனை விலைகொடுத்து வாங்கினார். தொலைபேசிக் காலத்தில் செல்லினம் இலவசமாகவே வழங்கப்பட்டது. எழுத்துரு கருவியின் ஓர் உறுப்பாகக் கருவி செய்வோர் வழியே மக்களைச் சென்றடைந்தது. மேசைக்குரிய முரசு அஞ்சலும் முற்றாகக் கைவிடப்படவில்லை. ஆயினும் தனிக் குறியீட்டின் மேல் நின்ற நிறுவனமாக முரசு தொடர்ந்திருப்பின், இவ்வழி அதற்குத் திறந்திராது. உலகச் சந்தைக்குக் கருவி செய்யும் நிறுவனம் பொது நியமத்தையே நாடும். பொதுக் குறியீட்டை ஏற்றமை அன்று இழப்பாகத் தோன்றியிருக்கலாம். கைக்கு மாறும் வேளையில் அதுவே முதலாகியது.

பர்மா தரும் படிப்பினை

தனிக் குறியீடு தொலைபேசியிலும் புகுந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பதனை மியன்மாரின் அனுபவம் காட்டுகின்றது. அங்கே 'சோஜி' என்னும் எழுத்துரு மேசைக் கணினியில் வேரூன்றியிருந்தது. ஒருங்குறியில் பர்மிய மொழிக்கென ஒதுக்கிய இடங்களையே அது தன் முறைப்படி வேறுவகையிற் பயன்படுத்தியது. அந்நாட்டிலே திறன்பேசி திடீரெனப் பரவியபோது, விற்பனையான கருவிகளில் சோஜியே நிறைந்திருந்தது. ஒரே நாட்டு மக்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் கருவியில் வாசிக்க இயலாது அல்லலுற்றனர். சோஜி அறியாத சிறுபான்மை இனங்களின் மொழிகள் அதற்குள் அடங்கவுமில்லை. 2019 ஒக்ரோபரிலேதான் அந்நாடு ஒருங்குறிக்கு முறையாக மாறத் தலைப்பட்டது.

தமிழுக்கு இவ்விடர் நேரவில்லை. பாமினி தொலைபேசிக்குள் குடியேறவில்லை. 2005 முதலான பத்தாண்டுகளில் நியமத்தின் வழியே தமிழைக் கைக்குக் கொண்டுசென்ற முரசு போன்ற முயற்சிகளும், குறியீட்டுக்காகப் பல நாட்டுத் தமிழர் நடத்திய நீண்ட விவாதங்களும் இதற்குக் காரணமாயின. இலங்கை நியமங்கள் நிறுவனம் 2008இல் 1326ஆம் இலக்க நியமத்தின் மூலம் தமிழுக்கு ஒருங்குறியையும் ரெங்கநாதன் விசைப்பலகையையும் வரையறுத்தது. 2010இல் கோவையில் நிகழ்ந்த செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தன் நியமமாக ஏற்றது. அரசுகள் நியமத்தை அறிவிக்கும் முன்னரே மக்களின் கைக்கு அது சென்றுகொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

கொழும்பில் எஞ்சிய கடன்

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மாத்திரம் முடித்துவிடுதல் பொருந்தாது. கைக்குச் சென்ற தமிழுக்கும் மேசையில் எஞ்சிய தமிழுக்கும் இடையே கொழும்பில் ஓர் இடைவெளி விழுந்துள்ளது. 1990கள் தொடக்கம் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அச்சமைக்கப்பட்ட நூல்கள், சஞ்சிகைகள், மலர்கள் ஆகியவற்றின் கோப்புகள் பாமினியிலும் அதனையொத்த எழுத்துருக்களிலும் கிடக்கின்றன. அவற்றைத் தொலைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். தேடுபொறி அவற்றைத் தமிழென அறியாது. போர்க்காலத்து ஈழத்தமிழ் எழுத்தின் கணிசமான பகுதி இக்காலத்திற்கு உரியது என்பதை எண்ணும்போது இழப்பின் கனம் விளங்கும். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்டதை நினைவுகூர்ந்து துயருறும் சமூகம், எவரும் தீ வைக்காமலே வாசிக்க இயலாது போகும் கோப்புகளையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இதற்குரிய வழிகள் இல்லாமற் போகவில்லை. பாமினியை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உள்ளன. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவைச் சார்ந்த மொழித் தொழினுட்ப ஆய்வுகூடமும் அத்தகைய மாற்றியை உருவாக்கியது. கண்ணொழுங்கில் அமைந்த எழுத்தை ஒலியொழுங்குக்கு மாற்றுகையில் பிழைகள் நேரக்கூடும்; மெய்ப்புப் பார்க்கும் மனிதக் கண் தேவைப்படும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத் திட்டம் ஈழத்து அச்சு நூல்களைப் பக்க உருவங்களாகப் பாதுகாத்து வருகின்றது. அச்சகங்களிலுள்ள மூலக் கோப்புகள் கிடைக்குமாயின், அப்பக்கங்கள் தேடத்தக்க எழுத்துகளாகவும் மாறும். கணினி வன்தட்டுகள் பழுதாகுமுன், அச்சமைப்பு நிலையங்கள் மூடப்படுமுன் இப்பணி நிகழ்தல் வேண்டும். பாமினியைத் தம் விரல்களில் வைத்திருக்கும் அச்சமைப்பாளர் இன்றும் உளர். பழைய குறியீட்டின் நெளிவுசுளிவுகளை அறிந்த அவர்களின் பயிற்சி, இம்மாற்றப் பணிக்கு வேறெங்கும் கிடைக்காத மூலவளமாகும்.

மற்றொரு கேள்வியும் எஞ்சி நிற்கின்றது. தமிழெழுத்து இன்று பெரும் பன்னாட்டு நிறுவனங்களின் கருவிகளுக்குள் வாழ்கின்றது. 2017 ஓகஸ்டில் கூகிள் நிறுவனம் தமிழையும் சிங்களத்தையும் பேச்சைக் கேட்டு எழுதும் மொழிகளின் பட்டியலிற் சேர்த்தபோது விசைப்பலகையும் தேவையற்றதாகும் அறிகுறி தென்பட்டது. இவ்வசதிகளை வழங்குவோர் அவற்றை நிறுத்தவும் வல்லர். சந்தையின் தேவை குறையுமிடத்து மொழியின் தேவை அவர்களின் கணக்கில் வராது. இதற்குரிய பாதுகாப்பு எவருக்கும் தனியுடைமையாகாத பொது நியமமே. கருவி எத்தனை முறை மாறினும், நியமத்தில் எழுதப்பட்டது அடுத்த கருவியிலும் வாசிக்கப்படும்.

மேசையிலிருந்து கைக்கு வந்த எழுத்து கையிலேயே நின்றுவிடும் எனக் கருதுவதற்கில்லை. அடுத்த இடப்பெயர்வு எத்தகைய கருவியை நோக்கியதாயினும், தமிழை அதற்குள் இட்டுச்செல்வோர் முரசின் வரலாற்றிலிருந்து பெறத்தக்க பாடம் ஒன்றுண்டு: எழுத்தைத் தனதாக்கிக்கொண்டவன் ஒரு தலைமுறைக்கு வணிகம் செய்யலாம், அதனைப் பொதுவாக்கியவனின் எழுத்தே தலைமுறைகளைக் கடந்து செல்லும். அப்பொதுவுடைமைக்குள் தம் பழைய கோப்புகளையும் கொண்டு சேர்ப்பது கொழும்பின் தமிழ் அச்சகங்களுக்கும் நூலகங்களுக்கும் தமிழ் கற்பிக்கும் துறைகளுக்கும் உரிய கடனாகும்.